மலைக்குப் போட்ட மதுவிலக்கு

தொரிபியோ கடைசியாகக் குடித்திருந்த பயணத்தில், வெள்ளைக்காரர்களை இன்காக்கள் விட்டுப்போன சோக்கேகிராவ் இடிபாடுகளுக்கு அழைத்துப் போவதாகக் கிளம்பி, புறப்பட்ட இடமான கச்சோராவுக்கே திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். தப்பு தன்மேல் இல்லை, கணவாயில் வீசிய காற்றின் மேல்தான் என்று இன்றைக்கும் சாதிப்பான். கணவாயில் நின்று மலைக்குப் படையலாகச் சோளக் கள் ஊற்றியவன், மலைக்குத் துணையாகத் தானும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, கோவேறு கழுதை மேல் ஏறித் தூங்கிவிட்டான். காற்று கழுதையைச் சேணத்தோடும் ஆளோடும் அலுங்காமல் தூக்கி, மறுபக்கம் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டது. முன்னால் போகும் கழுதை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தானே பின்னால் வருகிறவர்களும் போவார்கள்? சாயங்காலம் கச்சோரா மாதா கோயில் முன்னால் வந்து நின்று, "அடேயப்பா, இன்காக்கள் மணிக்கூண்டு கூடக் கட்டியிருக்கிறார்களே" என்று வாயைப் பிளந்து படம் பிடித்துக்கொண்டார்கள். சத்தம் கேட்டு வெளியே வந்த பாதிரியாரையும் இன்கா என்றே நினைத்து நடுவில் நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள். அவரும் மறுப்புச் சொல்லவில்லை.

அந்தப் பயணத்தின் சமையல்காரி காசிமிரா. அவள் எப்போதும்போல முன்னாலேயே இறங்கிப் போய், ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு, கீனுவா தானியத்தில் கஞ்சி காய்ச்சி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். யாரும் வரவில்லை. கஞ்சியை அவளேதான் குடித்து முடிக்க வேண்டியிருந்தது. அந்தக் கஞ்சியைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

தொரிபியோவுக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்று இருந்தது. அவன் காசிமிராவைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டான். அவள் புருஷன் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிவிட்டது. பெண் கேட்க நாதியில்லாமல் தானே போய்க் கேட்டான். அவள் வாசலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"அடுத்த தடவை சோக்கேகிராவ் போயிட்டு வந்து, கழுதைங்க முதுகுலேர்ந்து சேணத்த இறக்குற வரைக்கும் உன் வாயில ஒரு சொட்டு படக்கூடாது. பட்டுச்சுன்னு வையி, எங்க வீட்டுப் பக்கமே தலை வச்சுப் படுக்காத."

"படலேன்னா?"

"படலேன்னா, தலை வச்சுப் படுக்கலாமா வேணாமான்னு யோசிக்கிறேன்."

பக்கத்தில் நின்ற வில்பெர்த் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் காசிமிராவின் கொழுந்தன். கழுதை ஓட்டுவதில் தொரிபியோவுக்குக் கூட்டாளி.

"மதினி, நடக்குற காரியமா சொல்லு. ஞானஸ்நானத்துல தலையில ஊத்தின தண்ணியவே நாக்க நீட்டிக் குடிச்ச ஆளுன்னு எங்கம்மா சொல்லும்."

"அது தண்ணிதானடா" என்றான் தொரிபியோ.

"அது தண்ணின்னு தெரிஞ்சதும்தான் நீ அழுதியாம் அண்ணே."

அடுத்த பயணத்துக்கு வந்தவர் ஒரே ஒருவர். பெல்ஜியத்துப் பல் டாக்டர், பெயர் ஹெண்டிரிக். ஆள் உயரம், உட்கார்ந்திருக்கும்போதே நிற்பதுபோல இருப்பார். மலையேறக் கோக்கா இலையை மெல்லக் கொடுத்தார்கள். ஈறு மரத்துப்போவதைக் கண்டு பரவசமாகி, வழியெல்லாம் தன் பல்லைத் தானே தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்கு ஒரே ஆசை: சோக்கேகிராவ் சரிவில், படிப்படியான வயல்களின் சுவர்களில், இன்காக்கள் வெள்ளைக் கல்லால் பதித்து வைத்திருக்கும் லாமா மிருகங்களைப் பார்க்கவேண்டும். இதற்காகவே இருபது வருஷமாகப் பல் பிடுங்கிக் காசு சேர்த்ததாகச் சைகையில் சொன்னார்.

காலையில் கணவாய்க்கு ஏறும்போது தொரிபியோ தன் கழுதையோடு பேசிக்கொண்டே வந்தான். அதன் பெயர் புருதென்சியா. காசிமிராவிடம் சொல்லவேண்டியதை அதனிடம் ஒத்திகை பார்த்தான். "நாம சேர்ந்து வாழலாம். நாம ரெண்டு ஆடு வளக்கலாம். நாம கூரைக்குத் தகரம் போடலாம்." புருதென்சியா காதை ஆட்டியது. அதற்கு ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

கணவாய் வந்தது. கீழே அபுரிமாக் ஆறு ஒரு நூல்போலக் கிடந்தது, எதிரே பனிமலை. மலைகளை அங்கே அப்பு என்றுதான் சொல்வார்கள். அந்த அப்புவின் பெயரை இங்கே எழுதவில்லை. இந்தக் கதையில் அவருக்குக் கொஞ்சம் தலைகுனிவு இருக்கிறது. யார் கடந்து போனாலும் மூன்று கோக்கா இலையை விரலில் விரித்துப் பிடித்து அவர் பக்கம் ஊதிவிட்டு, ஒரு குவளை சோளக்கள்ளை மண்ணில் ஊற்றிவிட்டுத்தான் இறங்கவேண்டும். எல்லாரும் இலையை ஊதினார்கள். டாக்டர் ஊதியது எதிர்க்காற்றில் திரும்பி அவர் மூக்கிலேயே ஒட்டிக்கொண்டது.

வில்பெர்த் மஞ்சள் கேனின் மூடியைத் திறக்கப் போனான். காசிமிரா கையை நீட்டித் தடுத்தாள்.

"ஊத்துறதுக்கு முன்னாடி, எனக்குச் சொன்னத அப்புவுக்கும் சொல்லச் சொல்லு. எங்கிட்டச் சொன்னா ஏமாத்திடுவான். அவருகிட்ட முடியாது."

தொரிபியோ தொப்பியைக் கழற்றினான். மலையிடம் 'நான்' என்று பேசுவது மரியாதை இல்லை. சின்ன ஆள் பெரிய இடத்தில் தனியாகப் பேசுவதுபோல ஆகிவிடும். வீட்டார், கழுதை எல்லாரையும் சேர்த்து 'நாங்கள்' என்றுதான் பேசவேண்டும். தொரிபியோவுக்கு இது தெரியும். ஆனால் காலையிலிருந்து நாக்கு 'நாம, நாம' என்று பழகியிருந்தது. காசிமிரா வேறு பக்கத்திலேயே நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சை இழுத்துப் பள்ளத்தாக்கே அதிரக் கத்தினான்.

"அப்பு! கச்சோரா திரும்பிச் சேணத்த இறக்குற வரைக்கும் நாம ஒரு சொட்டு குடிக்க மாட்டோம்!"

வில்பெர்த் குவளையைச் சாய்த்தவன் அப்படியே நிமிர்த்திக்கொண்டான்.

"அண்ணே, என்ன சொன்ன?"

"குடிக்க மாட்டோம்னு சொன்னேன்."

"அது சரி. யாரு? நாமவா, நாங்களா?"

"நாங்கதான்."

"நாமன்னு காதுல விழுந்துச்சே" என்றாள் காசிமிரா.

"நாங்கன்னுதான் சொன்னேன்."

"நாமன்னு சொல்லியிருந்தா அதுல அப்புவும் சேத்தி. நீ அவருக்கும் சேத்துல்ல கள்ளு நிறுத்திட்ட!" என்றாள் அவள்.

டாக்டர் என்ன தகராறு என்று கேட்டார். வில்பெர்த் ஸ்பானிஷில் விளக்கப் பார்த்தான். ஸ்பானிஷில் 'நாம்' 'நாங்கள்' இரண்டுக்கும் ஒரே சொல்தான். "இவர் நாங்கள் என்றாரா, நாங்கள் என்றாரா என்பதுதான் பிரச்சினை" என்று முடிந்தது. டாக்டர் தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் இலை வாங்கிக்கொண்டார். வாக்குக் கொடுக்க ஸ்பானிஷ் சௌகரியமான மொழி. யாரை உள்ளே சேர்த்தோம், யாரை வெளியே விட்டோம் என்று பிறகு சாவகாசமாக முடிவு செய்துகொள்ளலாம். அவர்கள் வீட்டில் பேசும் கெச்சுவாவில் அந்த வசதி கிடையாது.

"ஊத்தினா, வாக்குக் குடுத்தவர வாக்கு மீற வச்ச பாவம். ஊத்தலேன்னா, தாகத்துல நிக்கிறவருக்கு ஊத்தாம போன பாவம்" என்றான் வில்பெர்த்.

"எதிரொலி வரட்டும். அது பொய் சொல்லாது" என்றாள் காசிமிரா.

கேன் மூடப்பட்டது.

அபுரிமாக் என்றால் பேசுகிற அப்பு என்று அர்த்தம். அந்தப் பள்ளத்தாக்கில் போட்ட சத்தம் உடனே திரும்பாது. கீழே ஆறுவரை இறங்கி, தண்ணீர் குடித்து, எதிர்ச்சரிவில் ஏறி, மலைமேல் முட்டித்தான் திரும்பவேண்டும். வெயில் காலத்தில் நடுவில் எங்காவது நிழலில் உட்கார்ந்துவிட்டும் வரும். நம்பாதவர்கள் போய்க் கத்திப் பார்க்கலாம். லீவு மட்டும் கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

அன்றைக்கு முழுக்க இறக்கம். கீழே இறங்க இறங்கச் சூடு. பூமா என்னும் மலைச்சிங்கத்தையே அழவைக்கும் ஈ என்று ஓர் ஈ உண்டு; அது டாக்டரின் காலைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் அழவில்லை. கோக்கா இலையை மென்று முழங்காலில் அப்பிக்கொண்டு, கால் ஈறும் மரத்துவிட்டது என்றார். தொரிபியோ மட்டும் அடிக்கொருதரம் திரும்பிப் பனிமலையைப் பார்த்தான். காலையில் பளிச்சென்று இருந்த மலை, மத்தியானம் மேகத்தைத் தலைமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தது.

"எங்க சித்தப்பா குடிய நிறுத்தின மொத நாளும் இப்பிடித்தான். யாரு மூஞ்சியிலயும் முழிக்காம போர்வையப் போத்திக்கிட்டாரு" என்றான் வில்பெர்த்.

"சும்மா இருடா."

"அடுத்த நாள் கை நடுக்கம் வந்துச்சு."

ஆற்றைக் கடந்து மறுநாள் எதிர்ச்சரிவில் ஏறும்போது பூமி லேசாக நடுங்கியது. காசிமிராவின் சட்டிகள் ஒன்றோடொன்று மோதி மணியடித்தன. பிறகு பாறையெல்லாம் தண்ணீர் கசிய ஆரம்பித்தது.

"வேர்வை" என்றான் வில்பெர்த்.

"அதுக்கப்புறம் உங்க சித்தப்பா என்னதான்டா பண்ணாரு?"

"வீட்டுல இருந்த சாமானையெல்லாம் தூக்கி எறிஞ்சாரு."

மேலேயிருந்து ஒரு கல் உருண்டு வந்து புருதென்சியாவின் குளம்புக்குப் பக்கத்தில் நின்றது. தொரிபியோ அந்தக் கல்லுக்கு வணக்கம் சொல்லி, ஓரமாக எடுத்து வைத்தான்.

அப்போதுதான் எதிரொலி வந்து சேர்ந்தது. ஏறி வந்த களைப்பில் மூச்சு வாங்கினாலும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது. "...சேணத்த இறக்குற வரைக்கும் நாம ஒரு சொட்டு குடிக்க மாட்டோம்!"

கழுதைகள்கூட நின்றுவிட்டன.

"நாமதான்" என்றாள் காசிமிரா.

தொரிபியோ பாறைமேல் உட்கார்ந்துவிட்டான். இன்காக்கள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே குடித்துக்கொண்டிருந்த பெரிய மனுஷர். அவரை ஒரே கத்தலில் நிறுத்தவைத்துவிட்டான். அவரைக் கேட்கவுமில்லை.

அதற்குப் பிறகு மூடுபனி இறங்கியது. அப்படி ஒரு மூடுபனியைச் சோக்கேகிராவில் முன்னும் கண்டதில்லை, பின்னும் காணவில்லை. டாக்டர் நனைந்த காலுறையை அதிலேயே காயப்போட்டார். அது விழாமல் தொங்கியது. வில்பெர்த் கூடாரக் கயிற்றை முளையில் கட்டுவதற்குப் பதில் பனியிலேயே முடிச்சுப் போட்டான். இடிபாடுகள் நடுவில்தான் நின்றார்கள், ஆனால் கையால் தடவித்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. "இது அரண்மனைச் சுவர்" என்று தொரிபியோ டாக்டரின் கையைப் பிடித்து வைப்பான். "இது மதினியோட சோத்துப் பானை" என்று உள்ளிருந்து வில்பெர்த் குரல் வரும்.

டாக்டர் மனம் தளரவில்லை. லாமாவைத் தடவியாவது பார்த்துவிடுகிறேன் என்று போனார். கொஞ்ச நேரத்தில் ஆனந்தக் கூச்சல் கேட்டது. லாமா கிடைத்துவிட்டது, நான்கு கால், நீண்ட முகம், கல்லானாலும் வெதுவெதுப்பாக இருக்கிறது, பல்லைக்கூடச் செதுக்கியிருக்கிறார்கள், கடைவாயில் மட்டும் ஒரு சொத்தை என்று சொல்லிக்கொண்டே வந்தார். புருதென்சியா பின்னாலேயே வாயைத் திறந்துகொண்டு வந்தது. அதற்கு அந்தச் சொத்தைப் பல்லில் ரொம்ப நாளாக வலி.

இரண்டு முழுநாள் அப்படியே போயிற்று. உருளைக்கிழங்கு குறைந்தது. திரும்பும் பாதை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை; தெரியாமல் ஓரடி வைத்தால் நேராக ஆறுதான். தொரிபியோ மலையைப் பார்த்து, அதாவது மலை இருக்கும் என்று நினைத்த பக்கம் பார்த்து, கெஞ்சினான். "அப்பு, நீங்க மட்டும் குடிங்க. நாங்க இருந்துக்கறோம்."

"அதெப்படி முடியும்?" என்றாள் காசிமிரா. "நாமன்னு சொல்லியாச்சு. ஒண்ணாக் கட்டின மூட்டையில ஒண்ண மட்டும் உருவ முடியுமா? காத்தா எல்லாருமா காக்கணும், மீறினா எல்லாருக்குமா மீறினாப்பல."

"அப்ப அதுல ஒருத்தன் குடிச்சுட்டா?"

"வாக்கு போச்சு. அவரு குடிக்கலாம்."

டாக்டர் பனிக்குள் எங்கோ கழுதைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். தொரிபியோ எழுந்து, தடவித் தடவிப் போய் மஞ்சள் கேனை எடுத்துக்கொண்டு வந்தான்.

"காசிமிரா, எங்க நிக்கிற?"

"இங்கதான்."

"நான் குடிச்சுடறேன்."

கேனின் மூடியைத் தடவிக் கண்டுபிடித்தான்.

"அந்த மனுஷன் அவ்வளவு தூரத்துலேர்ந்து லாமா பாக்க வந்து, கழுதையப் பாத்துட்டுப் போகக்கூடாது. அப்பு ஒரு தப்பும் பண்ணல. உளறினது நான். உங்க வீட்டுப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன், போ."

மூடியைத் திறந்து கேனைத் தூக்கினான். தூக்கிய வேகத்தில் கேன் அவன் தலைக்கு மேலே போய்விட்டது.

"என்ன இது, இவ்வளவு லேசா இருக்கு?"

பனிக்குள் ஓர் இருமல் கேட்டது. காசிமிராவின் இருமல்.

"கள்ளு கெட்டுப்போச்சான்னு சமையல்காரி ருசி பாக்க வேணாமா?"

"பாத்தியா?"

"பாத்தேன்."

"பாதிக் கேனா?"

"சந்தேகமா இருந்துச்சு. திரும்பப் பாத்தேன்."

"எப்பலேர்ந்து?"

"ஆத்தங்கரையிலேர்ந்து."

"மதினி பாத்தது சரிதானான்னு நான் பாத்தேன்" என்றான் வில்பெர்த், கேட்காமலேயே. பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு குதித்தான். "அண்ணே, புரிஞ்சுபோச்சு! அப்புவுக்குக் கோவம் குடிக்க முடியலேன்னு இல்ல. நாம எல்லாரும் குடிக்கிறோம், அவரு மட்டும் வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. அந்தக் கோவம்!"

"அவரு மட்டுமில்லடா, நானும்தான்" என்றான் தொரிபியோ. வாக்கைக் காப்பாற்றியவர்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே அவனும் மலையும் மட்டும்தான். அவனுக்கு மலைமேல் திடீரென்று ஒரு பாசம் வந்தது.

"நான் எப்பிடி மீறினதாகும்?" என்றாள் காசிமிரா. "நீ சொன்ன நாம, நீயும் அப்புவும்தான். நான் எங்க அதுல வந்தேன்?"

"பக்கத்துலதான நின்ன? பக்கத்துல நிக்கிறவங்கள விட்டுட்டு ஒரு நாம உண்டா?"

"நான் அதுல இல்ல."

"மதினி, பாத்துப் பேசு" என்று வில்பெர்த் குறுக்கிட்டான். "நீ அந்த நாமல இருந்தா, ஆத்தங்கரையிலயே வாக்கு ஒடைஞ்சாச்சு. இப்பவே ஊத்தலாம், பனி விலகும், வீட்டுக்குப் போகலாம். நீ அதுல இல்லேன்னா, வாக்கு அப்படியே இருக்கு. அண்ணன் குடிச்சாத்தான் ஒடையும். அண்ணன் குடிச்சா உங்க வீட்டுப் பக்கம் வர முடியாது. நீயே சொல்லு. நீ இவரோட நாமல இருக்கியா, இல்லையா?"

பனிக்குள் யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை. காசிமிராவுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. தொரிபியோ கேனை வாய்க்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நின்றான். கள் வாசனை மூக்கில் ஏறியது. நாக்கு உள்ளே சுருண்டு புரண்டது. அவன் குடிக்கவில்லை.

"கேனை இங்க குடு" என்றாள் அவள் கடைசியில்.

தடவி வாங்கிக்கொண்டு விளிம்புவரை போனாள். கணவாயில் தொரிபியோ கத்தியதைவிடப் பலமாகக் கத்தினாள்.

"அப்பு! ஆமாய்யா! நானும் அதுல இருக்கேன்!"

பிறகு மிச்சக் கள்ளை முழுக்க மண்ணில் கவிழ்த்தாள். மண் மடக்மடக்கென்று குடித்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. முதலில் டாக்டரின் காலுறைகள் தரையில் விழுந்தன. அடுத்துக் கூடாரம் சரிந்தது. கொடியிலிருந்து ஈரப் போர்வையை உருவுவதுபோலப் பனி ஒரு பக்கமாக இழுபட்டுப் போக, எதிரே சுவர்களும் வாசல்களும், கீழே படிவயல்களில் வரிசையாக வெள்ளைக் கல் லாமாக்களும் வெயிலில் நின்றன. பனிமலை சிவந்த மூக்கோடு, சாந்தமாக இருந்தது. டாக்டர் புருதென்சியாவின் கடைவாய்க்குள் தலையை விட்டிருந்தார். மூன்று பேரும் சேர்ந்து இழுத்துத்தான் அவரைத் திருப்பி லாமாக்களைக் காட்டவேண்டியிருந்தது.

"நல்லா இருக்கு" என்றார் டாக்டர். "ஆனா பல்லு இல்லையே."

திரும்பும் வழியில் வில்பெர்த் விடவில்லை. "வாக்குதான் ஒடைஞ்சுபோச்சே அண்ணே, ஊர்ல எறங்கறதுக்கு முன்னாடி ஆத்தங்கரைக் கடையில ஒரு குவளை?"

"சேணம் இன்னும் எறக்கல" என்றான் தொரிபியோ.

கச்சோராவில் கடைசிச் சேணத்தையும் இறக்கிவைத்துவிட்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். காசிமிரா சட்டிகளை மூட்டை கட்டினாள்.

"என்ன நிக்கிற? தாகமா இருக்கா?"

"இருக்கு."

"எங்க வீட்டுல ஒரு பானை ஊறிக்கிட்டு இருக்கு." மூட்டையைத் தூக்கி அவன் தலைமேல் வைத்தாள். "நம்ம வீட்டுலன்னு வச்சுக்க. நட."

கல்யாணம் அதே மாதா கோயிலில் நடந்தது. அன்றைக்குவரை காசிமிரா கத்தியதன் எதிரொலி மட்டும் வரவில்லை. பல நாள் காய்ந்து கிடந்த அப்பு ஒரேயடியாகக் குடித்ததில் நன்றாகத் தூங்கிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். பாதிரியார் காசிமிராவைப் பார்த்து, இந்தத் தொரிபியோவைப் புருஷனாக ஏற்றுக்கொள்ள உனக்குச் சம்மதமா என்று கேட்டார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். அதற்குள் கணவாய்ப் பக்கமிருந்து, தூக்கக் கலக்கத்தோடு, ஊருக்கே கேட்கும்படி வந்து சேர்ந்தது:

"ஆமாய்யா! நானும் அதுல இருக்கேன்!"

பாதிரியார் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த ஜெபத்துக்குப் போய்விட்டார்.

இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால் காசிமிரா கரண்டியை நீட்டிக்கொண்டு சொல்வாள்: "நான் எங்கய்யா சம்மதம்னு சொன்னேன்? மலைதான சொன்னுச்சு?"

தொரிபியோ குவளையிலிருந்து முதல் சொட்டை மண்ணில் ஊற்றிவிட்டுப் பதில் சொல்வான்.

"மலை சொன்னா நாம சொன்ன மாதிரிதான்."